தக்கை வைத்த பூட்ஸ்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீ சௌக்கியமா, மாமா சௌக்கியமா, உன் வலது காது சௌக்கியமா? இடது காதை விசாரித்துப் பிரயோஜனம் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

வண்டி வாங்கிவிட்டேன். சும்மா வண்டி இல்லை. தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டிகள், பின்னால் உட்காருபவர் சாய்ந்துகொள்ள ஒரு தாங்கி. எடை இருநூற்று எண்பது கிலோ. எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டருடையது. ஆறடி மனிதர். முதுகு வலி வந்து ஓட்டுவதை நிறுத்திவிட்டார். "நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். நான் சரி என்றதும் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதிக தூரம் இல்லையே, சீக்கிரம் பார்த்து முடித்துவிட்டார்.

கால் நன்றாகவே எட்டுகிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆஸ்பத்திரிச் செருப்புப் பட்டறையில் வேலை நிறைய. ஒரு கால் குட்டையாகப் போனவர்கள் இந்த மாதம் மட்டும் ஐந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அளவெடுத்து, தக்கையைச் சீவி, செருப்பின் அடியில் ஒட்டி, நிமிர்ந்து நடக்கவைத்து அனுப்பினேன். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை போட்டுப் பார்க்கவே வெட்கப்பட்டார். "இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு?" என்று அதட்டினேன். சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி கடைசியில் வண்டியிலேயே வருகிறேன். ஆறு மணி நேரம்தான். உன்னைப் பின்னால் உட்காரவைத்து ஏரிக்கரை மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன். இதைப் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் ஆபீசில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்ட நீ, ஓய்வு பெற்ற அன்றைக்கே போனைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டாயே.

உன் தம்பி.

ஜனவரி 21

அருமைத் தம்பி அரைப்படிக்கு,

நாங்கள் நலம். மாமாவுக்குச் சளி. அவர் தும்மல் எனக்கு ஒரு காதில் மட்டும் கேட்பதால் தொல்லையும் பாதிதான்.

கால் எட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்கவே இல்லையே, நீயாக ஏன் சொல்கிறாய்? பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது செங்கல் மேல் ஏறி நின்றவன்தானே நீ. செங்கல்லும் சேர்ந்து போட்டோவில் விழுந்ததுதான் மிச்சம். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் மாமா முதலில் செங்கல்லைத்தான் காட்டுகிறார்.

கோபித்துக்கொள்ளாதே. எனக்குச் சந்தோஷம்தான். மேட்டுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. மாமாவின் ஸ்கூட்டர் பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கும்.

என் வேலையும் நன்றாகப் போகிறது. துணி ஆலைக் காப்பகத்தில் இப்போது பதினான்கு குழந்தைகள். தூங்கும் அறை முழுக்க என் பொறுப்பு, சாவி என் இடுப்பில். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டே எந்தக் குழந்தை சிணுங்குகிறது, எது பசி, எது ஈரம் என்று சொல்லிவிடுவேன். காப்பகத்து மேடம் அசந்துபோகிறார். ஒரு காதுதான் என்றாலும் இருபத்தெட்டு வருஷம் கேட்டே பிழைத்த காது இல்லையா? இந்த வேலை கிடைத்த பிறகுதான் ஓய்வு பெற்றவள் என்ற நினைப்பே போனது.

சீக்கிரம் வா. எனக்கும் ஒரு ஹெல்மெட் கொண்டு வா. பெரியதாக இருக்கட்டும், கொண்டை இருக்கிறது.

உன் அக்கா.

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

ஞாயிறு சாயங்காலம் வந்து சேர்ந்தேன். உன் கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டு எத்தனை வாரம் என்று சொன்னார்கள்? வெளியே தெரியும் விரல்களை அசைத்துக்கொண்டே இரு. இல்லையென்றால் பிடித்துக்கொள்ளும்.

வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வலது பக்க இண்டிகேட்டர் உடைந்திருக்கிறது, வலது பெட்டியில் கீறல்.

நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. மாமாவிடமும் சொல். பட்டறையில் வேலை குவிந்துகிடக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி.

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

(உன் அக்கா சொல்லச் சொல்ல எழுதுவது மாமா. கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.)

வலி குறைந்திருக்கிறது. கட்டு ஆறு வாரம். வலது கை என்பதால் சாப்பிட, தலை வார, எல்லாவற்றுக்கும் இவரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. (என் கொண்டை போடும் திறமையை ஊரே பார்த்துச் சிரிக்கிறது.)

தம்பி, நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் கேட்க வாய் வரவில்லை. ஆசையாக வாங்கிய வண்டியைக் கீழே தள்ளிவிட்டேனே. எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மேட்டில் வண்டி நின்றது, தண்ணீரைப் பார்த்தேன், அடுத்து தரையில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் இறங்கினேன் என்றுகூட ஞாபகம் இல்லை. ஐஸ் வண்டிக்காரர் ஓடிவந்து "என்னாச்சு சார்?" என்று கேட்டதும், "'இறங்காதே, இரு'ன்னு சொன்னேன். அக்காவுக்குக் காது கேக்காது. சொல்லாம இறங்கிட்டாங்க" என்று நீ சொன்னதும்தான் ஞாபகம் இருக்கிறது. அத்தனை பேர் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நீ ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் என் முகத்தையே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாய். கோபத்தை அடக்கிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? திட்டிவிடு தம்பி, அது பரவாயில்லை.

(மாமாவின் சொந்தக் கேள்வி ஒன்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பூட்ஸோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றினாயே, அது என்ன பழக்கம்?)

உன் அக்கா.

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கை தேறி வருகிறது என்று நம்புகிறேன்.

உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்.

வண்டியைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் ஒரு மெக்கானிக் அம்மா இருக்கிறார். என்னைவிட இரண்டு விரற்கடை குட்டை. இதைவிடப் பெரிய வண்டியை அவர் ஓட்டுகிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை காலையில வாங்கண்ணே" என்று சொல்லி, ஆளில்லாத சந்தை மைதானத்தில் மூன்று வாரமாக என்னைப் பிழிந்தெடுக்கிறார். முதல் நாள் ஓட்டவே விடவில்லை. வண்டியைப் படுக்கவைத்து, அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, காலால் உந்தித் தூக்கச் சொன்னார். நாலு தடவை. அடுத்த வாரம் நிற்பதற்குப் பாடம். இந்த வண்டிக்கு இரண்டு காலும் எட்ட வேண்டிய அவசியமே இல்லையாம். நிற்கும் முன்னால் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்க வேண்டும். ஹேண்டிலை நேராக்க வேண்டும். சீட்டில் இடது பக்கமாக நகர்ந்து இடது காலை மட்டும் முழுசாக ஊன்ற வேண்டும். வலது கால் பின் பிரேக்கை விட்டு நகரவே கூடாது. "ரெண்டு காலையும் ஊனணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை.

இப்போது அரைவட்டம் அடிக்கிறேன், எட்டுப் போடுகிறேன். வண்டி என்னை மிரட்டுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

கட்டுப் பிரித்ததும் மணிக்கட்டுக்குப் போட்டுக்கொள்ள மெல்லிய தோலில் ஒரு பட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். உள்ளே பஞ்சு வைத்திருக்கிறேன், உறுத்தாது. மாமாவின் கேள்விக்குப் பதில்: பூட்ஸில் மண் இருந்தது.

உன் தம்பி.

ஏப்ரல் 18

அன்புத் தம்பிக்கு,

இது என் கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நீ அனுப்பிய பட்டை அளவெடுத்தது போல் பொருந்துகிறது. அளவெடுக்காமலே எப்படித் தைத்தாய்? மாமா சௌக்கியம்.

உன் மேல் தப்பில்லை என்று எழுதினாயே, அதை நாலைந்து தடவை படித்தேன். எவ்வளவு பெரிய மனசு உனக்கு. ஆனால் என்னை நீ தேற்ற வேண்டாம். இப்போது எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. நீ 'இரு' என்று சொன்னாய். அரிசி களையும்போது, துணி மடிக்கும்போது, சும்மா இருக்கும்போது அந்தச் சொல் மெதுவாகக் கேட்கிறது. உன் குரல்தான். அன்றைக்குக் கேட்காதது இப்போது கேட்டு என்ன செய்ய?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். மே முப்பத்தொன்றாம் தேதியோடு காப்பக வேலையை விட்டுவிடுகிறேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நீ சொன்னதே எனக்குக் கேட்கவில்லை. தூங்கும் அறையில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எனக்குக் கேட்குமா? மேடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் ஏரிக்கரையில் நடந்ததைக் கேட்ட பிறகு, நான் உள்ளே இருக்கும்போது அவரும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். முன்னெல்லாம் வரமாட்டார்.

மாமா இப்போது தெருவைக் கடக்க என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். கல்யாணமான புதிதில்கூடப் பிடிக்காத மனுஷர். சிரிப்பு வருகிறது, கூடவே வேறென்னவோவும் வருகிறது.

நீ ஓட்டக் கற்றுக்கொள்வது சந்தோஷம். ஜாக்கிரதையாகப் போ. என்னைப் போல் யாரையும் பின்னால் ஏற்றிக்கொள்ளாதே.

உன் அக்கா.

ஏப்ரல் 30

அக்கா,

வேலையை விடாதே. உன் காது நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு டாக்டரிடம் காட்டு, அவரே சொல்வார். மேடத்திடம் அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே.

இங்கே வெயில் அதிகம். பட்டறையில் பசை காய்வதற்கு முன்னால் கையில் ஒட்டிக்கொள்கிறது. நான் இன்னொன்றும் எழுத வேண்டும். அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

தம்பி.

மே 12

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? உன் கடிதம் பாதியில் நின்றுபோனது போல் இருந்தது. விரிவாக எழுதுகிறேன் என்றாயே என்று ஒரு வாரத்துக்கு மேலாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே.

நீ சொன்னபடி காது டாக்டரிடம் போனோம். மாமா விடவில்லை, அவரும் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். டாக்டர் என்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னார். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது, அது தெரிந்ததுதான். வலது காது முப்பது வயதுக்காரிக்கு இருப்பது போல் இருக்கிறதாம்.

"அப்ப பக்கத்துல இருந்த தம்பி சொன்னது எப்படி டாக்டர் கேக்காமப் போச்சு?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா கேட்டிருக்குமேம்மா" என்றார்.

அவருக்கு உன்னைத் தெரியாது, ஏதோ சொல்கிறார். வெளியே வந்து யோசித்தேன். காது சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் என் புத்திதான் அங்கே இல்லை. அது காதைவிட மோசம் இல்லையா? குழந்தைகளோடு இருப்பவளுக்கு அது ஆகவே ஆகாது. முப்பத்தொன்றாம் தேதி சாவியைக் கொடுத்துவிடுகிறேன். இனி இதைப் பற்றி நீ வருத்தப்படாதே.

உன் அக்கா.

மே 17

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், இல்லையென்றால் இந்தத் தடவையும் வெயிலைப் பற்றி எழுதி முடித்துவிடுவேன்.

நான் 'இரு' என்று சொல்லவில்லை. 'இறங்காதே' என்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. நீ இறங்கவும் இல்லை. வண்டியைச் சாய்த்தது நான்.

கால் எட்டுகிறது என்று உனக்கு முதலில் எழுதினேனே, அதுவே பொய். விரல் நுனிதான் தொட்டது. மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பட்டறையில் இரண்டு அங்குலத் தக்கை சீவி என் பூட்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். நோயாளிகளுக்கு வெளியே தெரிகிற மாதிரி அடியில் ஒட்டிக் கொடுக்கிறவன், எனக்கு மட்டும் யாருக்கும் தெரியாதபடி உள்ளே வைத்தேன். அதைப் போட்டால் கணுக்கால் மடங்காது. தெரிந்தே போட்டேன்.

அன்று மேட்டில் நாலு பேர் பெரிய வண்டிகளை நிறுத்திக்கொண்டு நின்றார்கள் இல்லையா? எல்லோரும் நெட்டையர்கள். நாம் வருவதைப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். அந்தப் பக்கம் தரை சரிந்திருந்தது, பார்க்கவில்லை. ஹேண்டில் திரும்பியிருந்தபோதே முன் பிரேக்கைப் பிடித்தேன். கால் தரையைத் தேடியது, கணுக்கால் பிசகியது, வண்டி போய்விட்டது. நீ என் இரண்டு தோளிலும் கை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். நான் விழுந்ததால் விழுந்தாய்.

இனி எழுதப் போவதுதான் என்னைத் தின்கிறது. விழுந்ததில் என் வலது பூட்ஸ் கழன்று, தக்கை வெளியே வந்து கிடந்தது. உனக்கு முன்னால் நான் அதைத்தான் பார்த்தேன். அதைப் பொறுக்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்ட பிறகுதான் உன் பக்கம் திரும்பினேன். நீ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஐஸ் வண்டிக்காரர் என்னாச்சு என்று கேட்டார். சட்டைக்குள் தக்கை குத்திக்கொண்டிருக்க, உன் காதின் மேல் பழியைப் போட்டேன். நீயும் ஆமாம் என்று தலையாட்டினாய்.

மெக்கானிக் அம்மாவிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இடது பக்கமா இறங்கினா வண்டி இடது பக்கம்தான் சாயும்ணே. இது வலது பக்கம்ல விழுந்திருக்கு?" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். "இனிமே சாதா ஷூ போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். பூட்ஸைப் பற்றி நான் சொல்லவே இல்லை, நடையிலேயே கண்டுபிடித்துவிட்டார். சாதா ஷூவில்தான் அக்கா, ஒற்றைக் காலில் இந்த வண்டியை ஒழுங்காக நிறுத்தக் கற்றுக்கொண்டேன். அந்தத் தக்கை தேவையே இல்லை. முதல் நாளிலிருந்தே தேவையில்லை.

உனக்கு அந்தச் சொல் கேட்கிறது என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அப்போதும் உடனே எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாவியைக் கொடுக்காதே. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, எந்த முகத்தோடு கேட்பது?

தம்பி.

ஜூன் 8

தம்பிக்கு,

கடிதம் போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி வந்தது. மாமா வெளியே போயிருந்தார். அடுப்பில் பால் இருந்தது, அது பொங்கி வழிந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. எழுந்து போகவில்லை.

படித்ததும் முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷம்தான் வந்தது. அன்று நீ ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் என் காது சரியாகத்தான் வேலை பார்த்திருக்கிறது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

கோபம் மறுநாள் காலையில் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. கை உடைந்ததற்கு இல்லை. விழுவது யாருக்கும் நடக்கும். உயரமாகத் தெரிய ஆசைப்பட்டதற்கும் இல்லை. அந்தச் செங்கல்லை இத்தனை வருஷம் காட்டிச் சிரித்த வீடு இது, அதில் எங்கள் பங்கும் உண்டு. போட்டோவை நேற்றுக் கழற்றிவிட்டேன். ஆனால் என் காதை ஏன்டா எடுத்தாய்? காது விஷயத்தில் எனக்கு இருப்பதே பாதி. அந்தப் பாதியையும் நம்பாமல் மூன்று மாதம் இருந்தேன். நீ சொல்லாத ஒரு சொல்லை உன் குரலிலேயே கேட்டேன். தாளைக் காட்டிச் சொன்ன டாக்டரை நம்பாமல் உன்னை நம்பினேன்.

சாவியைக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று மட்டும் மேடத்திடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. மாமாவுக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. நான் காட்டினால் உனக்குச் சுலபமாகப் போய்விடும். நீ வந்து உன் வாயால் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் சொன்னாய்?

பஸ்ஸில் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். வண்டியில் வா. சாதா ஷூவில் வா.

அக்கா.

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் மணிக்கட்டு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை என்பதை நீ தண்ணீர் ஊற்றும்போது கவனித்தேன். காலையும் மாலையும் வெந்நீரில் வைத்து மெதுவாகத் திருப்பு.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு மாமா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் காப்பகத்துக்குப் போகும்போது நீ தனியாகத் தெருவைக் கடந்தாய், அவர் இந்தப் பக்கமே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்த்தேன். மேடம் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றார். "குட்டையாத் தெரியக் கூடாதுன்னுங்க" என்றேன். சொல்லி முடித்தபோது அந்தக் குழந்தை உயரத்துக்குத்தான் இருந்தேன். நீ அப்போது தூங்கும் அறைக்குள் போய்விட்டாய். கிளம்பும்போது வாசல் வரை வந்தாய், வண்டியில் ஏறவில்லை. நானும் ஏறச் சொல்லவில்லை.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். திரும்பும் வழியில் ஏரிக்கரை மேட்டுக்குப் போனேன். அதே இடம். தரையைப் பார்த்தேன், ஹேண்டிலை நேராக்கினேன், இடது காலை ஊன்றி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. ஐஸ் வண்டிக்காரர் அங்கேதான் இருந்தார். வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னைக்கு ஒரு அம்மா சொல்லாம இறங்கி விழுந்தாங்களே, அந்த வண்டிதானே சார்?"

"ஆமாங்க."

"இங்க ஜோடியா வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன் சார். 'பாத்து இறங்கும்மா, காது கேக்காத ஒரு அம்மா இப்படித்தான் சொல்லாம இறங்கி, வண்டியையும் தள்ளி, கையையும் உடைச்சுக்கிட்டாங்க'ன்னு. நாலஞ்சு பேராவது அதைக் கேட்டுட்டு ஜாக்கிரதையா இறங்கினாங்க."

நாலு மாதமாக அக்கா. நான் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாலு மாதமும், தெரியாத ஊர்க்காரர்களிடமெல்லாம் அந்த மனிதர் உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"அந்த அம்மா இறங்கவே இல்லைங்க. நான்தான் வண்டியைச் சாச்சேன்."

"அன்னைக்கு நீங்கதானே சார் அப்படிச் சொன்னீங்க?"

"பொய் சொன்னேங்க."

ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். "அப்ப இனிமே என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஒரு குட்டை ஆளு, உயரமாத் தெரியணும்னு பூட்ஸுக்குள்ள தக்கை வெச்சுக்கிட்டு வந்தான். கூட வந்த அக்காவைக் கீழ தள்ளிக் கையை உடைச்சான். உடைச்சுட்டு அவங்க மேலயே பழியப் போட்டான். அந்த அம்மாவுக்குக் காது நல்லாவே கேக்கும். இப்படிச் சொல்லுங்க."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்க அப்படி ஒண்ணும் ரொம்பக் குட்டை இல்லையே சார்" என்றார். பாவம், நல்ல மனுஷர்.

"குட்டைதாங்க. அப்படியே சொல்லுங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். ஆனால் சொல்வாரா, இரக்கப்பட்டு எதையாவது விட்டுவிடுவாரா என்று தெரியவில்லை. நீயும் மாமாவும் அந்தப் பக்கம் போனால், ஐஸ் வாங்குவது போல் நின்று கேட்டுப் பார். வலது காது அவர் பக்கம் இருக்கட்டும். ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் எனக்கு எழுது, மறுபடி போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் தம்பி,
அரைப்படி.